மீனவர் கையில் கொடுத்த வாள்

செபதேயுவின் மகன் யாக்கோபு கலிலேயாக் கடலில் வலை வீசிப் பிழைத்தவர். தம்பி யோவானும் அவரும் தகப்பனைப் படகிலேயே விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனார்கள். இருவருக்கும் முன்கோபம் அதிகம் போலிருக்கிறது. இடியின் மக்கள் என்று இயேசுவே அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்ததாக மாற்கு எழுதுகிறார். சமாரியர் ஊர் ஒன்று இடம் கொடுக்க மறுத்தபோது, வானத்திலிருந்து தீயை வரவழைத்து இந்த ஊரை அழித்துவிடட்டுமா என்று இந்த அண்ணனும் தம்பியும் கேட்டார்கள். இயேசு திரும்பி அவர்களை அதட்டினார். இது லூக்கா சொல்வது. சுமார் கி.பி. 44இல் ஏரோது அகிரிப்பா யாக்கோபை வாளால் கொன்றான். திருத்தூதர் பணிகள் நூல் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவர் வாழ்க்கையில் வாள் வந்ததாக நாம் அறிவது அந்த ஒரு தடவைதான். அதுவும் அவர் கழுத்துக்கு.

ஊரை எரிக்கட்டுமா என்று கேட்டு வசவு வாங்கிய இந்த மீனவர்தான் பிற்காலத்தில் வெள்ளைக் குதிரை ஏறினார். கையில் உருவிய வாள், குதிரையின் குளம்படியில் வெட்டுண்ட தலைகள். ஸ்பானியர் அவருக்கு மூர்களைக் கொல்பவர் என்று பெயர் சூட்டினார்கள். மூர் என்றால் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்து ஐபீரியத் தீபகற்பத்தை ஆண்ட முஸ்லிம்கள். அந்தப் பெயரோடு அவர் அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் கடந்தார். புனித யாக்கோபு என்பதற்கு ஸ்பானியர் சொல்லும் பெயர் சந்தியாகு. சிலியின் தலைநகரம் அவர் பெயரில் இருக்கிறது. கியூபாவின் இரண்டாவது பெரிய நகரமும், டொமினிக்கன் குடியரசின் இரண்டாவது நகரமும் அவர் பெயரில்தான். கேப் வெர்டியின் மிகப் பெரிய தீவும் சந்தியாகுதான். கராக்காஸ், காலி, குவயாகில் என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஊர்களின் முழுப்பெயர்கள் அனைத்தும் சந்தியாகு என்றே தொடங்குகின்றன.

இவ்வளவு ஊர்களும் எப்படி வந்தன என்று கேட்டால், கொம்போஸ்தெலாவில் தொடங்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவில், தெயோதெமிரோ என்ற ஆயர் ஒரு கல்லறையைக் கண்டு, இது யாக்கோபினுடையது என்று அறிவித்தார். எருசலேமில் வெட்டுண்டவரின் உடல் கலீசியாவுக்கு எப்படி வந்தது என்பதற்குத் தானாக மிதந்து வந்த படகுக் கதை ஒன்று உண்டு. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வரலாறு உறுதியாகச் சொல்வது, அந்தக் கல்லறையைச் சுற்றி ஒரு யாத்திரை வளர்ந்தது, யாத்திரையைச் சுற்றி ஒரு நகரம் வளர்ந்தது என்பதைத்தான். அந்தத் தொடக்ககாலச் சந்தியாகுவின் கையில் வாள் கிடையாது. ஊன்றுகோலும் தொப்பியும் சிப்பியோடும் பின்னால் அவருக்கு அடையாளமாயின. வழிநடப்பவரின் கோலம் அது.

997இல் முஸ்லிம் ஆட்சியிலிருந்த கோர்தோபாவின் தளபதி அல்மன்சோர் அந்த நகரத்தைச் சூறையாடினார். ஆலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கோர்தோபா வரை சுமக்க வைத்தார் என்பது மரபு. 1236இல் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னாந்தோ கோர்தோபாவைப் பிடித்ததும் அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றிக் கலீசியாவுக்குத் திருப்பி அனுப்பினார். மணி அதேதான், பாதையும் அதேதான், தோள்கள் மட்டும் மாறின. இதற்கு நடுவே இருக்கும் 240 ஆண்டுகளில்தான் மீனவர் போர்வீரரானார்.

அந்த மாற்றம் நடந்த இடத்தை ஏறக்குறைய விரல் வைத்துக் காட்ட முடியும். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட சீலென்சே வரலாறு என்ற லத்தீன் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. 1064இல் முதலாம் பெர்னாந்தோ மன்னர் கொயிம்பிரா நகரை முற்றுகையிட்டிருந்த சமயம். கிரேக்க யாத்ரீகர் ஒருவர் கொம்போஸ்தெலா ஆலயத்தில் தங்கியிருக்கிறார். உள்ளூர்க்காரர்கள் சந்தியாகுவைச் சிறந்த குதிரைவீரரே என்று விளித்து வேண்டுவது அவர் காதில் விழுகிறது. அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் வீரர் இல்லை, மீனவர்; குதிரை ஏறியதே இல்லை என்று சொல்கிறார். அன்றிரவு சந்தியாகு அவருக்குத் தோன்றி, வெள்ளைக் குதிரையில் ஏறிக் காட்டி, கையிலிருந்த கொயிம்பிராவின் சாவிகளையும் காட்டி, நாளைக்கு இந்நகரத்தை மன்னருக்குத் திறந்துவிடப் போகிறேன் என்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தவர் அந்தக் கிரேக்கர்தான். அவர் வாயை அடைப்பதற்காகவே நூலாசிரியர் அவரை உள்ளே கொண்டுவந்தார் என்பது தெரிகிறது. ஆனால் அப்படி ஒரு கேள்வி அந்தக் காலத்தில் எழவே இல்லையென்றால் பதில் சொல்லிவைக்க என்ன அவசியம்? விவிலியம் படித்த யாரோ சிலர், எங்கோ ஒரு மூலையில், இது சரியில்லை என்று முணுமுணுத்திருக்கிறார்கள். அந்த முணுமுணுப்பு வெற்றியாளரின் ஏட்டிலேயே பதிவாகிவிட்டது.

12ஆம் நூற்றாண்டின் நடுவில் கொம்போஸ்தெலா ஆலயத்திலிருந்து இன்னொரு ஆவணம் வெளிவந்தது. 9ஆம் நூற்றாண்டில் கிளாவிஹோ என்ற இடத்தில் ராமிரோ மன்னர் மூர்களோடு மோதியதாகவும், சந்தியாகு வெள்ளைக் குதிரையில் வந்து வென்று கொடுத்ததாகவும், நன்றிக்கடனாக மன்னர் ஒரு வரி நேர்ந்துகொண்டதாகவும் அது சொன்னது. உழவர் ஒவ்வொரு ஏர்மாட்டு இணைக்கும் இவ்வளவு தானியம், கூடவே திராட்சை ரசம், ஆலயத்துக்கு ஆண்டுதோறும் அளக்க வேண்டும். போரில் கிடைக்கும் கொள்ளையிலும் ஒரு குதிரைவீரனின் பங்கு புனிதருக்கு உண்டு. கிளாவிஹோவில் அப்படி ஒரு போர் நடக்கவே இல்லை என்பதும் அந்த ஆவணம் போலி என்பதும் இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்டவை. ஆனால் வரி உண்மையாகவே வசூலானது. நடக்காத ஒரு போருக்காக உழவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தானியம் அளந்தார்கள். 1812இல் காதிஸ் நாடாளுமன்றம்தான் அதன்மேல் முதலில் கோடரி போட்டது. போர்வீரப் புனிதர்களைப் பற்றிப் பேசும்போது பக்தி, வீரம், மதவெறி என்றெல்லாம் பேசுகிறோம். கணக்குப்பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1492இல் கிரனாதா விழுந்ததும் ஸ்பெயினில் மூர்களின் ஆட்சி முடிந்தது. அதே ஆண்டு கொலம்பஸ் கடலில் இறங்கினார். வேலை முடிந்த குதிரைவீரருக்கு அடுத்த வேலை தயாராக இருந்தது. சந்தியாகுவின் திருநாள் ஜூலை 25. ஸ்பானிய அமெரிக்காவின் ஊர்கள் பலவற்றின் பிறந்தநாளும் அதுவே. காலி நகரம் 1536 ஜூலை 25இலும் கராக்காஸ் 1567 ஜூலை 25இலும் நிறுவப்பட்டதாகக் கொண்டாடுகின்றன. மெக்சிகோவின் கெரேதாரோ நகரம் 1531 ஜூலை 25இல் வானில் சந்தியாகு தோன்றியதைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. திருநாளைப் பார்த்து ஊர் நிறுவினார்களா, ஊர் நிறுவியபின் திருநாளுக்கு ஏற்ப நாளைத் திருத்திக்கொண்டார்களா என்பதெல்லாம் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி வழக்கு.

சிலியில் பெத்ரோ தே வல்திவியா 1541 பிப்ரவரி 12இல் மாப்போச்சோ ஆற்றங்கரையில் சந்தியாகு நகரைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 11இல் மிச்சிமாலோங்கோ என்ற உள்நாட்டுத் தலைவர் படையோடு வந்து ஊரைத் தீயிட்டார். உள்ளே சிறைப்பட்டிருந்த ஏழு தலைவர்களின் தலையை வெட்டி எறியச் சொல்லி முற்றுகையை முறியடித்தவர் இனேஸ் தே சுவாரெஸ் என்ற பெண். அந்த நகரத்தில் இன்னொரு செப்டம்பர் 11 உண்டு. 1973இல் அதிபர் அயெந்தேயின் மாளிகைமேல் விமானங்கள் குண்டு வீசியது அந்த நாளில்தான்.

பெருவில் கதை வேறு திசையில் போனது. அதுதான் எனக்கு இந்த முழு வரலாற்றிலும் சுவையான பகுதி. 1536இல் மான்கோ இன்கா பெரும்படையோடு குஸ்கோவை வளைத்தார். உள்ளே மாட்டிக்கொண்ட ஸ்பானியர் ஏறத்தாழ இருநூறு பேர் பிழைத்தது சந்தியாகு நேரில் இறங்கிவந்ததால் என்று அவர்கள் தரப்பு சொன்னது. மூர்களைக் கொன்றவர் இப்போது இந்தியர்களைக் கொல்பவர் ஆனார். இந்தியர் என்று ஸ்பானியர் அழைத்தது அந்த மண்ணின் பழங்குடியினரை. குதிரையின் காலடியில் தலைப்பாகைக்குப் பதில் இன்கா உடை வந்தது. சுமார் 1615இல் எழுதி முடித்த தன் பெரிய ஏட்டில் குவாமன் போமா என்ற ஆந்தீஸ் நாட்டவர் அந்தக் காட்சியைத் தன் கையால் வரைந்திருக்கிறார். மிதிபட்டவர்களின் தரப்பிலிருந்து வந்த சித்திரம் அது. அவர் எழுத்தில் சந்தியாகு இடியோடும் மின்னலோடும் இறங்குகிறார்.

காரணம் உண்டு. ஆந்தீஸ் மலைமக்களுக்கு இல்யாப்பா என்ற இடித்தெய்வம் இருந்தது. மழையும் ஆலங்கட்டியும் மின்னலும் அதன் கையில். ஸ்பானியரின் துப்பாக்கி வெடித்தபோது அதையும் இல்யாப்பா என்றே அழைத்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் சுடும்முன் சந்தியாகு என்று கூவினார்கள். மலைமக்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள்: இவர் நம் இடிக்காரர், வெள்ளைக்காரன் உடையில் வந்திருக்கிறார். இயேசு வைத்த பட்டப்பெயர் பதினைந்து நூற்றாண்டு கழித்து, அதைக் கேள்விப்பட்டே இராத மக்கள் நடுவில் பலித்துவிட்டது. பாதிரிமார் பதறினார்கள். இந்தியக் குழந்தைகளுக்குச் சந்தியாகு என்று பெயர் வைக்கக்கூடாது, தியேகோ என்று வைத்துக்கொள்ளட்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் விலக்கு விதித்தார்கள். வென்றவர்கள் தாங்கள் கொண்டுவந்த புனிதரின் பெயரையே, வெல்லப்பட்டவர்கள் சொல்லக்கூடாது என்று தடுக்க வேண்டிய நிலைக்கு வந்தார்கள். பெயர் அவர்கள் கையைவிட்டுப் போய்விட்டது என்பதற்கு இதைவிட வாக்குமூலம் தேவையில்லை.

விலக்கு பலிக்கவில்லை. இன்றும் பெருவின் நடுமலைப் பகுதியில், வான்காயோவைச் சுற்றிய ஊர்களில், ஜூலை கடைசியில் சந்தியாகு திருவிழா என்றால் அது ஆடுமாடுகளின் திருவிழா. காதில் வண்ண நாடா கட்டுவார்கள், கொம்பு ஊதுவார்கள், மலைத் தெய்வத்துக்குப் படைப்பார்கள். ஸ்பெயினிடமிருந்து விடுதலை கிடைத்தபின் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. குஸ்கோ வட்டாரத்தில் சந்தியாகுவின் குதிரைக்கால் அடியில் ஸ்பானியச் சிப்பாயே கிடக்கும் சிற்பங்கள் உருவாயின. மூர், இன்கா, கடைசியில் ஸ்பானியர். குதிரை அதேதான்.

பசிபிக்கின் மறுகரையில் மணிலா இருக்கிறது. பாதி உலகத்தைச் சுற்றிவந்த ஸ்பானியர் 1570இல் அங்கே கண்டது ராஜா சுலைமான் என்ற முஸ்லிம் ஆட்சியாளரை. மீண்டும் மூர்கள்! பிலிப்பைன்ஸின் முஸ்லிம்களை அவர்கள் மோரோ என்றே அழைத்தார்கள். கிரனாதாவை அந்த மக்கள் கனவிலும் கண்டதில்லை. சுலைமானின் மரக்கோட்டை இருந்த இடத்தில் கல்லால் சந்தியாகு கோட்டை எழுந்தது. அதன் நுழைவாயிலுக்கு மேலே மூர்களை மிதிக்கும் சந்தியாகுவின் சிற்பம். அந்தக் கோட்டைச் சிறையில்தான் பிலிப்பைன்ஸின் தேசிய நாயகர் ஹோசே ரிசால் தன் கடைசி நாட்களைக் கழித்தார். 1896 டிசம்பர் 30 காலை அங்கிருந்து நடத்தியே கூட்டிப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். இன்று அவர் நடந்த வழியில் வெண்கலப் பாதச்சுவடுகள் பதித்திருக்கிறார்கள். மணிலாவின் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சந்தியாகு கோட்டை என்றால் ரிசால். வாயிலுக்கு மேலே யார் யாரை மிதிக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு.

தெற்கே மிந்தனாவோவில் நடந்தது இன்னும் பெரிய திருப்பம். மோரோ என்ற வசவை அந்த முஸ்லிம்கள் 20ஆம் நூற்றாண்டில் தங்கள் கொடியின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். நூர் மிசுவாரி தொடங்கிய மோரோ தேசிய விடுதலை முன்னணியும் அதன்பின் வந்த இயக்கங்களும் நடத்திய நீண்ட போருக்குப் பிறகு, 2019இல் வாக்கெடுப்பின் வழியாகப் பங்சமோரோ தன்னாட்சிப் பகுதி பிறந்தது. ஆக, ஒரே நாட்டின் வரைபடத்தில் மூர்களைக் கொல்பவரின் பெயரில் கோட்டையும், மூர்களின் பெயரில் ஒரு தன்னாட்சிப் பகுதியும் இருக்கின்றன.

தமிழ்க் கரைக்கும் இந்தக் குதிரை வந்தது. போர்த்துக்கீசியரின் போர்முழக்கமும் சந்தியாகுதான். முத்துக்குளித்துறையின் பரவர்கள் முஸ்லிம் வணிகரோடு ஏற்பட்ட பூசலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி 1530களில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1538இல் பாம்பனுக்கு மேற்கே வேதாளைக் கரையில், கள்ளிக்கோட்டைச் சாமோரின் அனுப்பிய மரைக்காயர் கப்பற்படையை மார்த்திம் அபோன்சோ தே சூசா முறியடித்தார். மூர்களைக் கொல்பவர் என்ற பட்டத்துக்கு இங்கே அந்தக் காலத்தில் அச்சுப்பிசகாத அரசியல் பொருள் இருந்தது. யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கீசியர் கைக்குப் போனது. அவர்கள் ஆட்சி நடந்தபோதே, 1647இல், தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடினார். கிளாலிக் கோயிலில் குடியிருக்கும் சந்தியாகுவே அதன் தலைவர். ஐரோப்பியப் புனிதரின் பெருமையை ஈழத்துத் தமிழர் அம்மானை யாப்பில் பாடிய அந்த நூல், நம் இலக்கிய வரலாறுகளில் பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் பெறுவதில்லை. காலனியச் சரக்கு என்று சிலரும், பக்திச் சரக்கு என்று சிலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். கிளாலிக் கரை 1990களின் தொடக்கத்தில் வேறொரு காரணத்துக்காக அறியப்பட்டது. தரைவழி அடைபட்ட யாழ்ப்பாண மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரவில் படகேறிய துறை அது.

ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில், வேர்க்காட்டில், புனித சந்தியாகப்பர் ஆலயம் இருக்கிறது. வேதாளைப் போர் நடந்த அதே கடலோரம். ஜூலைத் திருவிழாவில் கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்துகொள்கிறார்கள். அங்கே யாரும் கிளாவிஹோவைப் பற்றிப் பேசுவதில்லை. கடலுக்குப் போகிறவர்கள் கடலுக்குப் போன ஒருவரிடம் வேண்டிக்கொள்கிறார்கள். கொம்போஸ்தெலாவில் அந்தக் கிரேக்கர் சொன்னதும் இதைத்தானே.

புனித ஜார்ஜின் கதையையும் இப்படியே நீட்டலாம்; நீட்டப் போவதில்லை. பாலஸ்தீனத்தின் லித்தாவில், இன்றைய லோதில், அவர் கல்லறை. அங்கே அவர் பெயரிலுள்ள தேவாலயமும் ஒரு மசூதியும் ஒட்டி நிற்கின்றன. பெத்லகேமுக்கு அருகே அல்-கதர் என்ற பாலஸ்தீன ஊர், முஸ்லிம்கள் அவரோடு ஒன்றாகக் கருதும் கிள்ர் என்ற புனிதரின் பெயரைத் தாங்குகிறது. முஸ்லிம் தாய்மாரும் அங்கே அவருக்கு நேர்ந்துகொள்கிறார்கள். அவரையே 1098இல் அந்தியோக்கியாவில் சிலுவைப் படையினர் தங்கள் பக்கம் வெள்ளைக் குதிரையில் கண்டதாக எழுதினார்கள். 1482இல் போர்த்துக்கீசியர் இன்றைய கானாவில் கட்டிய எல்மினா கோட்டை அவர் பெயரில்தான் எழுந்தது. பின்னால் அடிமைகளைக் கப்பலேற்றிய கோட்டை. 1637இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தது பக்கத்துச் சந்தியாகு குன்றில் பீரங்கியை ஏற்றித்தான். ஒரு புனிதரின் மேட்டிலிருந்து இன்னொரு புனிதரின் கோட்டையைச் சுட்டார்கள். சுட்டவர்களோ புனிதர் வணக்கத்தையே ஒப்பாத சீர்திருத்தச் சபையார். சென்னையில் 1640 ஏப்ரல் 23, அவர் திருநாளில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை முதற்கட்டமாக முடிந்து அவர் பெயரைப் பெற்றது. 1996இல் மதராஸ் சென்னை ஆனபோதும் கோட்டையின் பெயர் மாறவில்லை. 2010இல் புதிய கட்டடத்துக்குப் போன சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் 2011இல் திரும்பி வந்துவிட்டன. நாம் கோட்டை என்று மட்டும் சொல்கிறோம். ஜார்ஜ் நமக்கு நினைவுக்கே வருவதில்லை.

இந்த வரிசையில் உண்மையான படைவீரர்களும் உண்டு. அவர்கள் கதைதான் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. மொரீஸ் எகிப்திலிருந்து வந்த தேபன் படையணியின் தலைவர். சக கிறிஸ்தவர்களைக் கொல்லச் சொன்னபோது அவரும் அவர் படையும் மறுத்து வெட்டுண்டார்கள் என்று 5ஆம் நூற்றாண்டில் லியோன் ஆயர் யூக்கேரியுஸ் எழுதினார். பனிச்சறுக்குக்கும் பணக்காரர்களுக்கும் பேர்போன, 1928இலும் 1948இலும் குளிர்கால ஒலிம்பிக் நடந்த சுவிட்சர்லாந்தின் சென் மோரிட்ஸ் அவர் பெயரில்தான் இருக்கிறது. தூர் நகர மார்ட்டின் ரோமக் குதிரைப்படையில் இருந்தவர். நான் கிறிஸ்துவின் வீரன், சண்டையிடுவது எனக்கு ஆகாது என்று சொல்லிப் படையைவிட்டு விலகினார். கோழை என்றபோது, ஆயுதமில்லாமல் முன்வரிசையில் நிற்கிறேன் என்றார். கரீபியனில் பிரான்சும் நெதர்லாந்தும் பங்கிட்டுக்கொண்ட செயின்ட் மார்ட்டின் தீவு அவருடையது. அவர் திருநாள் நவம்பர் 11. முதல் உலகப் போர் 1918இல் ஓய்ந்ததும் அதே நாளில்.

இப்போது கணக்குப் பாருங்கள். நிஜமாகவே வாள் பிடித்தவர்கள் அதைக் கீழே வைத்ததற்காகப் புனிதரானார்கள். வாளே பிடிக்காத மீனவருக்குக் குதிரையும் வாளும் கொடுத்து, பிடித்த நாடுகளுக்கெல்லாம் அவர் பெயரை வைத்தார்கள். நாடு பிடிக்கிறவனுக்கு, ஆயுதத்தை மறுத்த வீரனால் என்ன பயன்? ஆகவே இந்த ஊர்ப்பெயர்களில் இருக்கும் இரத்தம் புனிதரின் கணக்கில் எழுதப்பட வேண்டியதில்லை. அது பெயர் வைத்தவரின் கணக்கு.

அந்தக் கணக்கை இன்று எப்படித் தீர்ப்பது என்பதில்தான் சண்டை. 2020 ஜூனில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில், ஊருக்குப் பெயர் தந்த பிரான்சின் ஒன்பதாம் லூயி மன்னரின் குதிரைச் சிலையை அகற்றவும் ஊர்ப்பெயரையே மாற்றவும் கோரிக்கை எழுந்தது. கோரியவர்களில் முஸ்லிம்களும் யூதர்களும் இருந்தார்கள். லூயி இரண்டு சிலுவைப் போர்களை நடத்தியவர். பாரிசில் யூதரின் தல்மூத் ஏடுகள் வண்டி வண்டியாக எரிந்தது அவர் ஆட்சியில். கத்தோலிக்கர்கள் சிலையைச் சுற்றி நின்று செபமாலை சொன்னார்கள். இரு தரப்பும் 13ஆம் நூற்றாண்டைப் பற்றியே பேசின. அந்த ஊரின் காலடியில் கிடக்கும் 19ஆம் நூற்றாண்டைப் பற்றிக் குரல்கள் குறைவாகவே கேட்டன. 1764இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது அங்கே பழங்குடியினர் எழுப்பிய மண்மேடுகள் நிறைய இருந்தன. மேட்டு நகரம் என்றே அந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. மேடுகளை ஒவ்வொன்றாக வெட்டிச் சமப்படுத்தி, 1869இல் பெரிய மேட்டின் மண்ணையும் ரயில்பாதைக்கு நிரப்பிவிட்டார்கள். 1904 உலகக் கண்காட்சிக்காகத்தான் அந்தக் குதிரைச் சிலை முதலில் செய்யப்பட்டது. அதே கண்காட்சியில் பிலிப்பைன்ஸிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்திருந்தார்கள். மோரோக்களும் அவர்களில் உண்டு. சிலுவைப் போர் மன்னரின் சிலைக்கருகே டிக்கெட் வாங்கிக்கொண்டு மூர்களைப் பார்க்கலாம்! சிலையின் அடியில் எழுத வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

ஸ்பெயினின் புர்கோஸ் மாகாணத்தில் காஸ்திரியோ மாத்தாஹுதியோஸ் என்ற சின்னஞ்சிறு ஊர் இருந்தது. யூதரைக் கொல்லும் காஸ்திரியோ என்று பொருள்படும் பெயர். 2014இல் ஊர்மக்கள் வாக்களித்தார்கள். 29க்கு 19 என்ற கணக்கில் மாற்றம் வென்று, மறு ஆண்டு யூதர்மேட்டுக் காஸ்திரியோ ஆனது. அது சரியான முடிவு. ஊர்க்காரர்களே எடுத்ததால் இன்னும் சரி. அதே அளவுகோலை எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியாது. மெக்சிகோ எல்லையில் மாத்தாமோரோஸ் என்றே ஒரு நகரம் உண்டு. மூர்களைக் கொல்பவர் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஆனால் அந்த ஊர், ஸ்பெயினை எதிர்த்துப் போராடி 1814இல் சுட்டுக் கொல்லப்பட்ட மரியானோ மாத்தாமோரோஸ் என்ற பாதிரியாரின் குடும்பப்பெயரைத் தாங்குகிறது. அங்கே பெயரை நீக்கினால் ஒரு விடுதலை வீரரை நீக்குவதாகும். சிலியின் சந்தியாகுவும் அப்படித்தான். ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டாக அங்கே பிறந்து இறந்தவர்களுக்கு அந்தப் பெயர் சொந்தமாகிவிட்டது. வல்திவியாவின் வாரிசுகளுக்கு மட்டும் அது சொந்தமில்லை.

ஊர்ப்பெயரை விட்டுவிடலாம் என்று நான் சொல்வதால் சிலைகளையும் விட்டுவிடலாம் என்று பொருளாகாது. பெயருக்குப் பழைய பொருள் தேய்ந்துவிடும். குதிரைக்காலடியில் தலை கிடக்கும் சிற்பத்துக்குத் தேய்மானம் கிடையாது. பார்க்கிற ஒவ்வொருவரிடமும் அது அதையேதான் சொல்கிறது. கொம்போஸ்தெலா பேராலயத்துக்கு இது தெரியும். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்த சில வாரங்களில், ஹோசே காம்பினோ 18ஆம் நூற்றாண்டில் செய்த மூர்களைக் கொல்லும் சந்தியாகு சிலையை அருங்காட்சியகத்துக்கு மாற்றப் போவதாக ஆலய நிர்வாகம் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. கடைசியில் கண்டுபிடித்த வழி: சிலை இருந்த இடத்திலேயே இருக்கும், வெட்டுண்ட மூர்களின் தலைகளை மட்டும் பூக்களால் மூடிவிடுவது.

இருக்கும் வழிகளிலேயே மோசமான வழி இது. சிலையை எடுப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது, வைத்திருப்பதிலும் ஒரு நேர்மை இருக்கலாம். பூ வைத்து மறைத்தால் குதிரையின் கம்பீரம் மட்டும் மிஞ்சும், மிதிபட்டவர் மறைந்துபோவார். குவாமன் போமா தன் தரப்பார் மிதிபடுவதைத் தானே வரைந்துவைத்தார். அந்தத் துணிவு பேராலயத்துக்கு வரவில்லை. அந்தப் பூக்கள் வேண்டாம். தலைகள் தெரியட்டும். பக்கத்தில் ஒரு பலகை வைத்து, கிளாவிஹோவில் போர் நடக்கவில்லை என்றும், அந்தப் போரின் பேரால் உழவர்களிடம் எத்தனை நூற்றாண்டு தானியம் அளந்து வாங்கினோம் என்றும், இவர் மீனவர் என்றும் பேராலயம் எழுதிவைக்கட்டும்.